மின்கம்பம் வேண்டாம், பஸ் தரிப்பிடத்தைக் கேளுங்கள்

கேள்வி: முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் பக்கத்தில் வீட்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறோம். எங்களைப் போன்ற சிலர் சேர்ந்து, ஏ9 (கண்டி–யாழ்ப்பாணம்) வீதியின் மின்கம்பங்களிலும் பஸ் தரிப்பிடங்களிலும் எங்கள் ஊரைப் பற்றி விளம்பரம் வைக்க நினைக்கிறோம். யாரிடம் அனுமதி கேட்பது?

பதில்: மின்கம்பத்தை விட்டுவிடுங்கள். அதில் அடித்த ஆணியும் சுற்றிய கம்பியும் திருத்த வேலைக்கு ஏறுபவருக்கு ஆபத்து. ஏ9இல் விரையும் வாகனத்திலிருந்து அந்தச் சின்னப் பலகையை யாரும் வாசிக்கப்போவதும் இல்லை.

தரிப்பிடம் அப்படியல்ல, அங்கே ஆட்கள் காத்திருக்கிறார்கள். மாங்குளம் சந்தியில் தொடங்குங்கள். முல்லைத்தீவுக்கான ஏ34 வீதி அங்குதான் பிரிகிறது. இரண்டுமே வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வீதிகள். ஆகவே வீதியோரத்தில் எதை நடுவதற்கும் அவர்களின் எழுத்துமூல அனுமதி வேண்டும். விளம்பர அனுமதியும் கட்டணமும் பிரதேச சபையிடம். ஆளுக்கொரு கடிதம் கொடுக்காமல் எல்லோரும் சேர்ந்து, இடத்தின் படம், பலகையின் அளவு, அதைப் பராமரிப்பவர் யார் என்பதோடு ஒரே விண்ணப்பமாகக் கொடுங்கள்.

தரிப்பிடச் சுவரையும் வாசியுங்கள். எங்கள் பக்கத்தில் பல தரிப்பிடங்கள் இறந்துபோன பிள்ளையின், பெற்றோரின் நினைவாகக் கட்டப்பட்டவை. அந்தப் பெயரை உங்கள் பலகை ஒருபோதும் மறைக்கக்கூடாது. சபை அனுமதித்தாலும் அந்தக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பலகையில் 'அழகிய முல்லைத்தீவு' என்று எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம். வழியை வரையுங்கள்: ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர், முள்ளியவளை, வற்றாப்பளை அம்மன், நந்திக்கடல், கடற்கரை. மாங்குளத்திலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர். திரும்பிப் போகக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் போடுங்கள். அது தெரியாமல்தான் பலர் வரத் தயங்குகிறார்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் இருக்கட்டும். பிளெக்ஸ் வெயிலில் சீக்கிரம் வெளிறிவிடும். தகரத்தில் எனாமல் எழுத்து நின்றுபிடிக்கும்.

இரண்டாவது பலகைக்கு முறிகண்டி நல்ல இடம். பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கத்தான் எல்லா வாகனமும் நிற்கிறதே. கோயில் வளவென்றால் நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும். ஆனால் தெற்கிலிருந்து வருபவர் முறிகண்டிக்கு முன்பே மாங்குளத்தைத் தாண்டிவிடுவார். அதனால் அந்தப் பலகை யாழ்ப்பாணத்திலிருந்து திரும்புபவருக்கானது: 'மாங்குளத்தில் இடப்பக்கம் திரும்புங்கள்' என்று பெரிதாக எழுதுங்கள்.