மனச்சோர்வு 'பணியால் வந்ததல்ல' என்று மெடிக்கல் போர்டு எழுதிவிட்டது. மேல்முறையீடு செய்து பயன் உண்டா?

(கேட்டவர், 2019-ல் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவரின் மனைவி. போர்டு, அதாவது ராணுவ டாக்டர்கள் குழு, ஊனமாக முழங்காலுக்கு 20%, மனச்சோர்வுக்கு 40%, இரண்டும் சேர்த்து 50% போட்டிருக்கிறது. முழங்காலை மட்டும் பணியால் வந்ததாக ஏற்றிருப்பதால், ஊன பென்ஷன் அதற்கு மட்டும்தான்.)

உண்டு, சகோதரி. இதே வழியில் போய் வந்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

2011-ல் நான் ஹவில்தாராக வெளியே வந்தபோது என் காகிதத்திலும் அதே வரிதான். பணியால் வந்ததுமல்ல, பணியால் கூடியதுமல்ல. காரணம் என்ற கட்டத்தில், 'பீஸ் ஸ்டேஷனில் (சண்டை இல்லாத அமைதியான முகாமில்) ஆரம்பித்தது' என்று மட்டும் இருந்தது. காஷ்மீர் எல்லையில் குப்வாராவில் இரண்டரை வருடம் இருந்துவிட்டு வந்த ஆறாவது மாதம் அது என்பதை யாரும் எழுதவில்லை.

சதவீதத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். 40 ஏன் 60 ஆகவில்லை என்று கேட்டால் டாக்டர் சொன்னதுதான் நிற்கும். காரணம் எழுதிய அந்த ஒரு வரியைப் பிடியுங்கள். தரம்வீர் சிங் வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: சேரும்போது எடுத்த மருத்துவக் குறிப்பில் இல்லாத நோய் பிறகு வந்தால், அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்றால் போர்டுதான் காரணம் காட்ட வேண்டும். சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு. அந்த வழக்கு வலிப்பு நோய் பற்றியது. மனச்சிதைவு என்று அனுப்பப்பட்ட ஒருவரின் வழக்கிலும் 2025 மே மாதம், காரணம் எழுதாத போர்டு முடிவை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

அதனால் முதல் வேலை, அவருடைய பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி மூன்று காகிதங்களை வாங்குவது: சேர்ந்தபோது எடுத்த மெடிக்கல், போர்டு அறிக்கையான ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16, மனநலப் பிரிவுக்கு அனுப்பும்போது கமாண்டிங் ஆபீசர் எழுதும் படிவம் 10. எனக்குக் கை கொடுத்தது இவற்றோடு வந்த ஒரு பழைய சிக் ரிப்போர்ட், அதாவது உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போனதற்கான குறிப்பு. 'பத்து நாளாகத் தூக்கமில்லை' என்று குப்வாராவிலேயே ஆர்.எம்.ஓ. (படைப்பிரிவு டாக்டர்) எழுதி, தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தார்.

அப்புறம் முதல் அப்பீல், அதைத் தள்ளினால் இரண்டாவது அப்பீல், அதன் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு. என் அப்பீல் இரண்டையும் நாலு வரியில் தள்ளினார்கள். தீர்ப்பாயத்தில்தான் கிடைத்தது. ஒவ்வொரு அப்பீலுக்கும் கெடு ஆறு மாதம். அது தாண்டியிருந்தாலும் பென்ஷன் விஷயத்தில் தாமதத்தைப் பெரும்பாலும் மன்னிக்கிறார்கள். ஆனால் நிலுவைத் தொகையை மூன்று வருடத்துக்கு மட்டும் சுருக்கிவிடலாம், ஆகவே இனியும் தள்ளிப்போடாதீர்கள்.

பணக் கணக்கு இது. 100% ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30%. குறைந்தால் அதே விகிதத்தில் குறையும். 50-க்குக் கீழே இருப்பதை 50 ஆகவும், 50 முதல் 75 வரை உள்ளதை 75 ஆகவும் உயர்த்திக் கணக்கிட வேண்டும். முழுக் காலம் முடித்து வந்தவர்களுக்கும் இது உண்டு என்று 2014-ல் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதன்படி முழங்கால் மட்டும் என்றால் அவருக்கு 50, மனச்சோர்வும் சேர்ந்தால் 75. அப்பீலில் இதையும் சேர்த்துக் கேளுங்கள். (2023 செப்டம்பருக்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்கு விதிகள் வேறு.)

கடைசியாக ஒன்று. அவரிடம் இந்தக் காகிதங்களைக் கேட்கும்போது பொறுமையாகக் கேளுங்கள். போர்டு அறிக்கையை நான் ஒரு வருடம் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. என் மனைவிதான் ஒருநாள் எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, வரி வரியாகப் படிக்க வைத்தாள்.