பபிள்கம் அட்டையும் கமர்கட்டும்: வாசகர் கேள்விகள்

எண்பதுகளின் கடைசியில் பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் அட்டைகளை மாமா ஒரு கோடு போட்ட நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். பிரித்து ஆல்பத்தில் போடலாமா?
- வாசகி, கும்பகோணம்

எதை வைத்து ஒட்டினார் என்று முதலில் கேளுங்கள். மைதாப் பசை, சோற்றுப் பருக்கை என்றால் பிரிக்கலாம். ஃபெவிகால் என்றால் கை வைக்காதீர்கள், நோட்டோடு இருக்கட்டும்.

அட்டையைப் பிடித்து இழுத்தால் மடிப்பு விழும், அது போகவே போகாது. உரிக்க வேண்டியது தாளை. அட்டையைச் சுற்றி ஓர் அங்குலம் விட்டுத் தாளை வெட்டுங்கள். படம் கீழே இருக்கும்படி வெள்ளைத் துணியில் கவிழ்த்து, மூலையிலிருந்து தாளைச் சிறு சிறு பட்டையாக உரியுங்கள். மிஞ்சும் படலத்தின் மேல் நனைத்து ஒட்டப் பிழிந்த பஞ்சை ஐந்து நிமிடம் வைத்தால் பசை இளகும். விரல் நுனியால் உருட்டி எடுத்துவிடலாம். பஞ்சில் தண்ணீர் சொட்டக் கூடாது. சொட்டினால் அட்டை ஊறி அடுக்கு அடுக்காகப் பிரியும், அச்சும் அதோடு வந்துவிடும். மை ஒற்றும் தாள்களுக்கு நடுவே வைத்து, கனமான புத்தகத்தை ஏற்றி ஒரு நாள் விடுங்கள். கிழிந்துபோன அட்டை இருந்தால் முதலில் அதில் கை பழகட்டும்.

ஆல்பத்துக்கு பி.வி.சி. உறை வேண்டாம். அது வளைந்துகொடுக்கச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் நாளாக ஆகக் கசிந்து படத்தை உறையோடு ஒட்டவைத்துவிடும். பாலிப்ரொப்பிலீன் உறை என்று கேட்டு வாங்குங்கள். லேமினேஷன் யோசனையே வேண்டாம், திரும்பப் பிரிக்க முடியாது. பூச்சிக்கு வசம்பை இடித்துத் துணியில் முடிந்து பெட்டியில் போடலாம். தஞ்சை சரஸ்வதி மகால் சுவடிகளுக்குப் போடும் மருந்துப் பொடியிலும் வசம்பு உண்டு.

அமெரிக்காவில் ஒரு பபிள்கம் அட்டை கோடிக்கணக்கில் விலை போனதாமே, நம்முடையதும் போகுமா?
- வாசகர், நாகர்கோவில்

அது டாப்ஸ் நிறுவனம் 1952ல் வெளியிட்ட பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் அட்டை. 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அட்டை எவ்வளவு புதிதாக இருக்கிறது என்பதற்குக் கொடுக்கும் தரத்தில் அதற்குப் பத்துக்கு 9.5. அந்த வரிசையில் விற்காமல் தேங்கிய அட்டைகளை 1960ல் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக அதை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். எண்ணிக்கை குறைவு, மூலை மழுங்காத அட்டை அதிலும் குறைவு. விலை அங்கிருந்து வருகிறது. பையில் போட்டு விளையாடிய அட்டைக்கு அதை எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டில் செய்யும் கமர்கட்டு கல்லாகவும் வராமல், கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறதே?
- வாசகி, திண்டுக்கல்

பாகு முற்றவில்லை. தேங்காயின் ஈரமும் காரணம். ஒரு கப் துருவலை நிறம் மாறாமல், ஈரம் போக வறுத்து வையுங்கள். ஒரு கப் பொடித்த பாகு வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டிக் கொதிக்கவிடுங்கள். பாகு கெட்டியானதும் தேங்காயைக் கொட்டுங்கள். பலர் தவறுவது இங்கேதான்: தேங்காய் மறுபடி தண்ணீர் விடும் என்பதால், அதைப் போட்ட பிறகும் கிளறிக்கொண்டே முற்றவிட வேண்டும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்'கென்று சத்தம் வர வேண்டும். உடனே ஏலக்காய்ப் பொடி, ஒரு ஸ்பூன் நெய் சேர்த்து இறக்கி, கையில் நெய் தடவிச் சூட்டோடு உருட்டுங்கள். பாதியில் இறுகினால் சிறு தீயில் அரை நிமிடம் காட்டினால் போதும். உப்புக் கரிக்கும் வெல்லம் வேண்டாம், பாகு சரியாக இறுகாது.