கோலிக்குண்டு எங்கே விழும்?

வணக்கம் ஐயா. அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பிளஸ் 1 வகுப்பில் 48 பேர். குழுவாகச் செயல்திட்டம் கொடுத்தால் ஒருவர் செய்கிறார், மற்றவர்கள் பெயரை மட்டும் எழுதிக்கொள்கிறார்கள். பாதிப் பேர் கடையில் தெர்மாகோல் மாடல் வாங்கி வந்துவிடுகிறார்கள். பாடம் முடிக்கவே நேரமில்லை, இதெல்லாம் தேவையா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

அன்புள்ள டீச்சர்,

கண்டிப்பாகத் தேவை. ஆனால் மாடல் செய்து வரச் சொல்வதை விட்டுவிடுங்கள். தெர்மாகோல் காற்றாலையில் தப்பாகப் போக எதுவும் இல்லை, அதனால் யோசிக்கவும் எதுவும் இல்லை, ஒருத்தர் ஒட்டினால் வேலை முடிந்தது. விடையை முதலில் எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் செய்து பார்க்கிற வேலையைக் கொடுங்கள். யார் கணக்கு சரி என்று குழுவுக்குள் சண்டை வரும், வரட்டும்.

எனக்குப் பிடித்த ஒன்று இது. எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் வயரிங் கேசிங் பட்டி, கோலிக்குண்டு பக்கச் சுவரில் உரசாத அகலத்தில், மூடி இல்லாமல். ஒரு முனை புத்தக அடுக்கின் மேல், மறுமுனை மேசை விளிம்பில் கிடைமட்டமாக. மேலிருந்து விட்ட கோலி தரையில் எங்கே விழும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில் வெள்ளைத் தாளும் கார்பன் தாளும் வைக்க வேண்டும். அதுவரை கோலியை விளிம்பிலேயே கையால் பிடித்துவிட வேண்டும், தரையில் விழ விடக் கூடாது.

மேசை 80 செ.மீ., கோலி இறங்கும் உயரம் 10 செ.மீ. என்றால், நிலையாற்றல் முழுதும் இயக்க ஆற்றலாகிறது என்று போடுவார்கள். வேகம் நொடிக்கு 1.4 மீட்டர், விழும் நேரம் 0.4 நொடி, ஆக 56, 57 செ.மீ. தூரம். கோலியோ 48 செ.மீ.க்கும் சற்று முன்பே விழுந்துவிடும்.

உடனே "உராய்வு மிஸ்" என்பார்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு உயரம், 6, 8, 10, 12 செ.மீ. என்று கொடுத்து, தூரம் எத்தனை சதவீதம் குறைந்தது என்று எல்லாக் குழுவின் கணக்கையும் கரும்பலகையில் எழுதச் சொல்லுங்கள். வழுக்கும்போது வரும் உராய்வுதான் காரணம் என்றால் ஒரே நீளப் பட்டியில் ஏறக்குறைய ஒரே அளவு ஆற்றல்தான் போகும், குறைந்த உயரத்தில் விட்ட குழுவுக்குச் சதவீதம் அதிகமாக அடி விழ வேண்டும். அப்படி வராது, எல்லாருக்கும் 15 சதவீதத்தை ஒட்டியே வரும். ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு கோலி சுழல்வதற்குப் போய்விட்டது என்பதுதான் காரணம் (வேகம் ஆற்றலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, அதனால் தூரம் 15 சதவீதம்தான் குறைகிறது), ஆனால் அதை அன்றைக்கே சொல்லிவிடாதீர்கள்! ஆற்றல் நான்காவது அலகு, உருளல் ஐந்தாவது அலகு, நடுவில் இந்தக் கேள்வி அப்படியே கிடக்கட்டும். ஐந்தாவது அலகுக்கு வரும்போது உருளும் பொருளின் ஆற்றலுக்கான சூத்திரம் அவர்களுக்குத் தேவைப்பட்டதாக இருக்கும். நேரம் போகிறது என்கிற சக ஆசிரியர்களிடம் இதைச் சொல்லுங்கள், இரண்டு பீரியடில் இரண்டு அலகுக்கான வேலை நடக்கிறது.

குழுவுக்கு நாலு பேருக்கு மேல் வேண்டாம். விளக்கம் சொல்பவரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், அவர் சொல்வதற்குத்தான் நாலு பேருக்கும் மதிப்பெண். தெரிந்தவர் தெரியாதவருக்கு முந்தின நாளே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்துவிடுவார். கோலி சரியாகத் தாளில் விழுந்ததா என்பதற்கு மார்க் போடாதீர்கள், போட்டால் விடையைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

சரிவை மட்டும் அதிகமாக வைக்க வேண்டாம், கோலி உருளாமல் வழுக்கிவிடும். நடத்திப் பார்த்துவிட்டு, உங்கள் வகுப்பில் எத்தனை சதவீதம் வந்தது என்று எழுதுங்கள்.