ஜப்பானிலிருந்து வந்துவிட்டால் திரும்பிப் போக விடுவார்களா?

கேள்வி: மகனும் மருமகளும் பேத்தியும் டோக்கியோவில் நிஷி கசாயில் இருக்கிறார்கள். பேத்திக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. அங்கே பெரிய நிலநடுக்கம் வரலாம் என்று செய்தி வரும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் போய்விடுகிறது. 2011-ல் வந்த நிலநடுக்கம், சுனாமி, ஃபுகுஷிமா அணு உலை விபத்து மாதிரி ஏதாவது நடந்தால் கிளம்பி வந்துவிடு என்கிறேன். ‘அப்போது ஓடிப்போனவர்களை ஆபீசில் யாரும் மதிக்கவில்லையாம், விசாவும் சிக்கலாகும்’ என்கிறான். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: விசா பயம் பழைய கதை அம்மா. 2011-ல் மறுநுழைவு அனுமதி என்று தனியாக வாங்கிக்கொண்டுதான் ஜப்பானை விட்டுப் புறப்பட வேண்டும், இல்லாவிட்டால் விசா அன்றோடு சரி. ஒரு தடவைக்கு 3,000 யென், பல தடவைக்கு 6,000. ஃபுகுஷிமாவில் அணு உலைக் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்த அந்த வாரம், ஷினகாவா குடிவரவு அலுவலகத்தில் இதற்காக நின்ற வரிசை கட்டடத்துக்கு வெளியே வரை நீண்டது. முதல் நான்கு வாரத்தில் வெளியேறிய வெளிநாட்டவர் 5 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த அனுமதியோடு போனவர்கள், அதாவது திரும்பி வரும் எண்ணத்தோடு போனவர்கள். ‘ஓடிப்போனார்கள்’ என்று கிண்டல் செய்தவர்கள் இதைச் சொல்வதில்லை.

2012 ஜூலையில் விதி மாறிவிட்டது. இப்போது விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டையும் ரெசிடென்ஸ் கார்டையும் காட்டி, திரும்பி வருவேன் என்ற கட்டத்தில் டிக் அடித்தால் போதும், ஓராண்டுக்குள் திரும்பிவிட வேண்டும். கார்டு அதற்கு முன்பே காலாவதியானால் அந்தத் தேதிதான் கெடு, இங்கே உட்கார்ந்துகொண்டு நீட்டிக்க முடியாது. பேத்தியின் கார்டில் என்ன தேதி என்று மகனை இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, 2011-ல் போனவர்கள் பயந்தாங்கொள்ளிகளா? டோக்கியோ அந்த அணு உலையிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது, அரசு காலி செய்யச் சொன்னது 20 கிலோமீட்டர் வரைதான், அதனால் வீண் பதற்றம் என்று பலர் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மார்ச் 23 அன்று வெளியான சோதனை முடிவின்படி, டோக்கியோவின் கனமாச்சி நீர் சுத்திகரிப்பு நிலையத்தின் தண்ணீரில் கதிரியக்க அயோடின் லிட்டருக்கு 210 பெக்கரல் அளவில் இருந்தது, கைக்குழந்தைகளுக்கு வரம்பு 100. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொடுக்காதீர்கள் என்று நகர அரசே அறிவித்தது. நிஷி கசாய் இருக்கும் எடோகாவா பகுதியும் அதில் அடக்கம். குழந்தைக்கு 550 மில்லி பாட்டில் மூன்று என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். கடைகளில் தண்ணீர் தீர்ந்துபோன ஊரில், புட்டிப்பால் கலக்க அந்த மூன்று பாட்டிலை வைத்துக்கொண்டிருக்கும் தாயிடம் போய்ப் பதறாதே என்று சொல்வார்களா? மறுநாளே அளவு இறங்கித் தடை நீங்கியது உண்மைதான், ஆனால் நீங்கும் என்று முந்தின நாள் யாருக்கும் தெரியாதே. இன்னொன்று, நிலைமை மிக மோசமானால் 250 கிலோமீட்டர் வரை மக்கள் வெளியேற நேரலாம் என்று அதே வாரம் பிரதமருக்கு ஓர் அறிக்கை போயிருந்தது. அது வெளியே வந்ததே பல மாதம் கழித்துத்தான்.

ஆபீஸ் விஷயத்தில் உங்கள் மகன் சொல்வதில் பாதி உண்மை. கோபம் போனதற்காக மட்டும் வரவில்லை, சொல்லாமல் போனதற்காகத்தான் அதிகம் வந்தது. பக்கத்து மேஜைக்காரர் மின்வெட்டிலும் பாதி ஓடும் ரயிலிலும் வேலைக்கு வந்துகொண்டிருக்கும்போது ஒருவர் சென்னையில் இறங்கிய பிறகு மெயில் போட்டால் எந்த ஊரில்தான் பொறுப்பார்கள்? மேலாளரிடம் நேரில் சொல்லி, யார் எதைப் பார்த்துக்கொள்வது என்று ஒப்படைத்துவிட்டுப் போவது வேறு. மருமகளையும் குழந்தையையும் முதலில் அனுப்பிவிட்டு அவர் பின்னால் வரலாம், அப்போதும் பல குடும்பங்கள் அப்படித்தான் செய்தன.

ஆனால் நிலம் ஆடிய உடனே விமானம் ஏறச் சொல்லாதீர்கள். டோக்கியோ கட்டடங்கள் பெரும்பாலும் ஆட்டத்தைத் தாங்கக் கட்டியவை, 2011-ல் நிலம் ஆடிய அன்று ரயில் நின்றது, நரிட்டா விமான நிலையமும் மூடியது, வீட்டிலேயே இருந்தவர்கள்தான் நிம்மதியாக இருந்தார்கள். தண்ணீர், மின்சாரம், கதிர்வீச்சு என்று அடுத்த சிக்கல் வந்தால் அப்புறம் யோசிக்கலாம். அதுவும் கோயம்புத்தூர் வரை வர வேண்டும் என்றில்லை, அன்று பலர் ஒசாகாவுக்குத்தான் போனார்கள், ஜெர்மனி தன் தூதரக வேலையையே கொஞ்ச நாள் அங்கே மாற்றியது. (ஜப்பானின் தெற்குக் கடலடியில் வரலாம் என்று இப்போது எல்லாரும் பயப்படுகிற ‘நன்காய்’ நிலநடுக்கம் வந்தால் ஒசாகாவே அடிவாங்கும், அப்போது வடக்கே சப்போரோ பக்கம் பார்க்க வேண்டியதுதான்.)

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2011-ல் செல்போன் அழைப்பு கிடைக்காமல் தவித்தபோதும் இணையம் பெரும்பாலும் ஓடியது. அதனால் மகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்காதீர்கள், வாட்ஸப்பில் ‘நலமா’ என்று ஒரு வரி போட்டுவிட்டுக் காத்திருங்கள். நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடித்தால் அவர் போனில் இருக்கிற சார்ஜும் தீர்ந்துபோகும்.