கேம் ஹேங் ஆகிறதா? கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றாமல் கொஞ்சம் பொறுங்கள்

கேம் நடுவில் சிலையாக நின்றுவிட்டால் நம்மாட்கள் செய்வது இரண்டே காரியம்: விண்டோஸை அழித்து மறுபடி போடுவது, அதிலும் சரியாகாவிட்டால் கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டுவது. நானும் அப்படித்தான் இருந்தேன், தேவையே இல்லாத ஒரு கார்டுக்கு 400 வெள்ளி அழுத பிறகுதான் புத்தி வந்தது. இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றில் குற்றவாளி கணினியின் மூளையான ப்ராசஸர், அல்லது ப்ராசஸரைப் புரிந்துகொள்ளாத கேம். ‘ஐ7 இருக்கு அண்ணே, போதாதா’ என்று மட்டும் எழுதியவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இன்டெல் ப்ராசஸர்களில் ஐ7 என்ற பெயர் 2008லிருந்து வருகிறது, உங்களுடையது எந்த ஐ7 என்று நான் ஜோசியமா பார்க்க முடியும்?

அண்ணே, தேசிய சேவையில் இருக்கிறேன், பொங்கோல் வீட்டுக்கு வரும் வார இறுதியில்தான் விளையாட நேரம். 2023 நடுவில் ஐ7 13700கே, ஆர்டிஎக்ஸ் 4070 கார்டு வாங்கி நானே மெஷின் கட்டினேன். கொஞ்ச நாளாக அன்ரியல் என்ஜின் (பல கேம்களுக்கு அடித்தளமான மென்பொருள்) கேம் எதைத் திறந்தாலும் ஷேடர் (திரையில் ஒளி, நிறம் போடும் குட்டி நிரல்) தயாராகும் கட்டத்திலேயே நின்று, ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று சொல்லி மூடிக்கொள்கிறது. கார்டில் 12 ஜிபி இருக்கிறது. வேறு கார்டு மாட்டிப் பார்த்தும் அதே கதை.

உங்கள் கார்டையே திரும்ப மாட்டுங்கள், பாவம் அது. அந்தப் பிழைச் செய்தி பொய் சொல்கிறது.

கேமை முதலில் திறக்கும்போது சுருக்கி வைத்த கோப்புகளை விரிப்பதும் ஷேடர்களைத் தயார் செய்வதும் ப்ராசஸரின் வேலை, அதற்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் கோர்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடும். அந்த ஓட்டத்தில் ஒரே ஒரு பிட் தப்பினாலும் விரிந்து வரும் தரவு குப்பைதான். தப்பியது ப்ராசஸர் என்று கேமுக்குத் தெரியாது, கையில் அகப்பட்ட ஏதோ ஒரு பிழைச் செய்தியை எடுத்து நீட்டும், அதுதான் நீங்கள் பார்த்த வீடியோ மெமரி புலம்பல்.

உங்கள் 13700கே 13ஆம் தலைமுறை. இந்த 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் ஒரு பகுதி, தேவைக்கு மேல் மின்னழுத்தம் வாங்கி வாங்கி நாளடைவில் தேய்ந்துபோகிறது என்பதை 2024இல் இன்டெல்லே ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் 0எக்ஸ்129, செப்டம்பரில் 0எக்ஸ்12பி, 2025 மே மாதம் 0எக்ஸ்12எஃப் என்று மைக்ரோகோட் (ப்ராசஸருக்குள் ஓடும் அடிப்படைக் கட்டளைகள்) திருத்தங்கள் வந்தன. மதர்போர்டு நிறுவனம் தரும் பயாஸ் (கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள்) அப்டேட்டோடு சேர்ந்துதான் அவை நம்மிடம் வந்துசேரும், அதனால் பயாஸை இதுவரை தொடாதவர்கள் இன்றே போடுங்கள், போட்டபின் அதில் இன்டெல் டீஃபால்ட் செட்டிங்ஸ் இயங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இது நன்றாக இருக்கும் சிப்பைக் காப்பாற்றத்தான். ஏற்கெனவே தேய்ந்த சிப்புக்கு இந்த அப்டேட், பல் விழுந்தபின் பிரஷ் வாங்கிய கதை.

உங்களுடையது தேய்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. பயாஸில், அல்லது இன்டெல்லின் எக்ஸ்டியூ மென்பொருளில், பெரிய கோர்களின் வேகத்தை முடிவுசெய்யும் பெர்ஃபாமன்ஸ் கோர் மல்டிபிளையரை 50க்கு இறக்குங்கள், அதாவது 5 கிகாஹெர்ட்ஸ். பிறகு அதே கேமைத் திறங்கள். முரண்டு பிடிக்காமல் திறந்தால் ப்ராசஸர்தான் என்று கிட்டத்தட்ட முடிவுசெய்துவிடலாம். இப்படியே இறக்கி வைத்து ஓட்டலாமே என்று தோன்றும், வேண்டாம், இன்று 50இல் நிற்பது ஆறு மாதத்தில் 48 கேட்கலாம். பாதிக்கப்படக்கூடிய மாடல்களுக்கு உத்தரவாதத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக நீட்டியிருக்கிறார்கள், 13700கே அதில் அடங்கும், ஆகவே உங்களுக்கு 2028 நடுப்பகுதி வரை நேரம் இருக்கிறது. பெட்டியோடு வாங்கியிருந்தால் நேராக இன்டெல்லிடம் மாற்றுக் கேட்கலாம். முழு மெஷினாக வாங்கியவர்கள் விற்றவரிடம்தான் போக வேண்டும். ரசீதைத் தேடி எடுங்கள். பெட்டியை அம்மா பழைய சாமான் வாங்கும் கராங் குனிக்காரரிடம் போட்டுவிட்டிருந்தாலும் பதறாதீர்கள், வேண்டிய எண்கள் ப்ராசஸரின் தலையிலேயே பொறித்திருக்கும், கூலரைக் கழற்றிப் பேஸ்ட்டைத் துடைத்தால் தெரியும்.

மகனுக்கு 11 வயது. பெரியப்பா வீட்டிலிருந்து வந்த பழைய கணினி, பென்டியம் ஜி4560 என்று எழுதியிருக்கிறது. அவன் ஆசைப்பட்ட கேமைத் திறந்தால் கறுப்புத் திரை, கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறது, அப்புறம் ஒன்றும் சொல்லாமல் காணாமல் போகிறது. மற்ற கேம்கள் ஓடுகின்றன. பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) முடிந்துதான் புதிது வாங்குவது என்று இருக்கிறோம். (ஈசூனிலிருந்து ஓர் அம்மா)

உங்கள் முடிவு சரி, புதிது இப்போது வேண்டாம். கணினி கெட்டுப்போகவும் இல்லை. அந்தக் கேம் பேசும் ஒரு பாஷை இந்தப் ப்ராசஸருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ஏவிஎக்ஸ் என்று ஒரு கட்டளைத் தொகுப்பு. 2011இல் வந்த ஐ5களிலேயே அது இருக்கிறது. ஆனால் விலை குறைந்த பென்டியம், செலரான் சிப்களில் அதை இன்டெல் பல வருஷங்களுக்கு வேண்டுமென்றே அணைத்து விற்றது, அதனால்தான் 2017இல் வந்த உங்கள் ஜி4560க்கு 2011இன் ஐ5 2500க்குத் தெரிந்தது தெரியாது. எனக்கு இன்னும் எரிச்சலூட்டும் விஷயம் இது. அந்தக் கட்டளை வந்து விழுந்ததும் சிப் கைவிரிக்கும், விண்டோஸ் கேமையே மூடிவிடும். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து இன்ஸ்ட்ரக்ஷன்ஸ் வரிசையைப் பாருங்கள், அதில் ஏவிஎக்ஸ் இல்லையென்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

சில சமயம் கேம் எழுதியவர்களே இறங்கி வருவார்கள். 2016 ஆகஸ்டில் நோ மேன்ஸ் ஸ்கை கேம் வந்தபோது, இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டியின் பழைய ஃபினாம் சிப் வைத்திருந்தவர்களால் திறக்கவே முடியவில்லை, அங்கே இல்லாத பாஷை எஸ்எஸ்இ 4.1, கத்தலுக்குப் பிறகு திருத்தம் வந்தது. 2018இல் அசாசின்ஸ் கிரீட் ஒடிசி கேம் ஏவிஎக்ஸ் கேட்டு, பிறகு அதுவும் விட்டுக்கொடுத்தது. ஆனால் அவர்கள் மனது வைத்தால்தான் உண்டு, நம் பக்கத்தில் ஒரு செட்டிங்கும் இல்லை.

மலிவான வழி: அதே மதர்போர்டில் உட்காரும் பழைய ஐ5 7500 ஒன்றைப் பழைய பொருள் விற்கும் இணையச் சந்தையான கேரோசெல்லில் தேடுங்கள். கழற்றி மாட்டத் தெரிந்தவர் அரை மணியில் முடித்துவிடுவார். ஒரே எச்சரிக்கை, ஐ5 8400 மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். சிப் உட்காரும் சாக்கெட்டின் பெயர் அதே 1151, பார்க்கவும் அப்படியே இருக்கும், உட்காரவும் உட்காரும், ஆனால் உங்கள் போர்டில் உயிர் பெறாது.

என்னுடையது ஏஎம்டியின் ரைசன் 5 3600 ப்ராசஸர். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாமே ஒன்றிரண்டு வினாடி திக்குகிறது, சத்தமும் கரகரக்கிறது. கேம் என்றில்லை, யூடியூபில்கூட. (ஜூரோங், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்)

கேமில் மட்டும் இல்லை என்று சொன்னீர்களே, அதுதான் துப்பு. ப்ராசஸருக்குள் இருக்கும் எஃப்டிபிஎம் பாதுகாப்புப் பகுதி மதர்போர்டின் ஃபிளாஷ் சிப்போடு அவ்வப்போது பேசப்போகும், அந்த நேரம் மற்றதெல்லாம் காத்து நிற்கும். ஏஎம்டி 2022 மார்ச்சில் இதை ஒப்புக்கொண்டு, மே மாதம் முதல் ஏஜெசா (பயாஸுக்குள் வைக்க ஏஎம்டி தரும் நிரல்) 1.2.0.7 உள்ள பயாஸ்களில் திருத்தியது. பயாஸ் அப்டேட் போடுங்கள். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அசைன்மெண்ட் எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டால் என்னிடம் வராதீர்கள்.

எனக்கு வயது 48. சின்ன வயசில் விளையாடிய கேம்களை எடுத்துப் பார்க்கிறேன். புது மெஷின் ஐ7 12700. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துக் கேம் ஒன்று ‘ரன்டைம் எரர் 200’ என்று செத்துப்போகிறது, 2004வாக்கில் வாங்கிய ஒரு சிடி கேம் மெனுவைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. இவ்வளவு வேகமான மெஷினில் ஏன் ஓடவில்லை? (சிராங்கூன்)

வேகம்தான் வினை! 200 என்ற அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. டர்போ பாஸ்கல் என்ற பழைய நிரலாக்க மென்பொருளில் எழுதிய நிரல்கள் ஆரம்பிக்கும்போது, ஒரு குறுகிய நேரத்தில் வெறும் சுற்று எத்தனை ஓடுகிறது என்று எண்ணி அதை 55ஆல் வகுக்கும், ப்ராசஸர் வேகத்தை அளக்க. பென்டியம் 2 காலத்துச் சிப்கள் வந்ததும் எண்ணிக்கை எகிறி, விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் நிரம்பி வழிந்தது. ‘பூஜ்யத்தால் வகுத்துவிட்டாய்’ என்று நிரல் செத்துவிழுந்தது, உண்மையில் பூஜ்யமே அங்கு இல்லை. இப்படிப்பட்ட தொல்லைக்காகத்தான் அந்தக் கால கேஸ்களில் டர்போ பட்டன் இருந்தது. பெயர்தான் டர்போ, அது இருந்ததே மெஷினை மெதுவாக்க. உங்களுக்கு, பழைய டாஸ் கணினியைப் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் மென்பொருள் போதும், ஓடும்போது கண்ட்ரோலோடு எஃப்11 அழுத்த அழுத்த வேகம் குறையும்.

சிடி கேம் வேறு வியாதி. அது ஒரே கோர் இருந்த காலத்தில் எழுதியது, உங்களுடையதில் 12 கோர், 20 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்). 2005இல் ஏஎம்டியின் இரண்டு கோர் அத்லான் வந்தபோதே, இரு கோர்களின் கடிகாரமும் ஒன்றுக்கொன்று விலகிப்போய்க் கேம்கள் தாறுமாறாக ஓடின, அதற்கென்றே ஏஎம்டி ஒரு குட்டி மென்பொருளை விட்டது. உங்களுடையதில் கடிகாரங்கள் ஒத்துப்போகும், ஆனால் இருபது திரெட்டைப் பார்த்ததும் குழம்பும் பழைய கேம்கள் உண்டு. கேமைத் திறந்து, ஆல்ட் டேபில் வெளியே வந்து, டாஸ்க் மேனேஜரில் டீடெயில்ஸ் பக்கம் போங்கள். கேமின் பெயரில் ரைட் கிளிக், செட் அஃபினிட்டி, ஒரு கோரை மட்டும் விட்டு மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மெனுவைத் தாண்டும் முன்பே செய்ய வேண்டும், நின்ற பிறகு செய்து பயனில்லை.

அப்புறம் உங்கள் 12ஆம் தலைமுறைக்கே ஒரு தனிக் கதை உண்டு. 2021 நவம்பரில் பெரிய கோர், சின்ன கோர் கலந்து இது வந்தபோது, டெனுவோ நகல் தடுப்பு போட்ட ஐம்பதுக்கு மேற்பட்ட கேம்கள், சின்ன கோரில் கால் வைத்ததும் ‘இது வேறு கணினி’ என்று சந்தேகப்பட்டுக் கவிழ்ந்தன. பெரும்பாலானவை சில மாதங்களில் திருத்தப்பட்டுவிட்டன. அதற்காக வந்த லெகசி கேம் கம்பாட்டிபிலிட்டி மோட் இன்னும் பல பயாஸ்களில் இருக்கிறது, அதை ஆன் செய்துவிட்டு விண்டோஸில் ஸ்க்ரோல் லாக்கைத் தட்டினால் சின்ன கோர்கள் ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். யாரும் தொடாத அந்தச் சாவிக்கு இவ்வளவு வருஷம் கழித்து ஒரு வேலை கிடைத்தது.

ஐடி கண்காட்சியில் மகளுக்கு ஸ்னாப்டிராகன் லேப்டாப் வாங்கினேன், விண்டோஸ் 11தான். அவள் தோழிகளோடு விளையாடும் ஆன்லைன் கேம் ஏறவே மாட்டேன் என்கிறது.

சாதாரண நிரல்களை ஸ்னாப்டிராகனுக்கு ஏற்ப மொழிபெயர்த்து ஓட்டும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. ஆனால் ஆன்லைன் கேம்களின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் விண்டோஸின் அடிமட்டமான கெர்னலுக்குள் டிரைவராக உட்காருவது, அந்த ஆழத்தில் மொழிபெயர்ப்பு கிடையாது. ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் வகைச் சிப்புக்கென்றே அவர்கள் தனியாக எழுதித் தரவேண்டும். அந்தக் கேம் தருகிறதா என்று வாங்குமுன் பார்த்திருக்கலாம், சரி விடுங்கள். பாடத்துக்கு அது நல்ல லேப்டாப், பேட்டரி நன்றாக நிற்கும்.

அறையில் ஏர்கான் இல்லை. மதியம் விளையாடினால் சூட்டில் ஹேங் ஆகுமா?

சூடு ஏறினால் ப்ராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், படம் திக்கும், மந்தமாகும். அதற்கும் அடங்காவிட்டால் மெஷின் பட்டென்று அணையும். ஒரே காட்சியில் மாட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் வேறு எங்காவது போகட்டும். இருந்தாலும் தூசியைத் தட்டுங்கள்.

கேரோசெல்லில் ஒருவர் ஐ9 14900கே பாதி விலைக்குத் தருகிறார், ‘கொஞ்ச நாள்தான் ஓட்டினேன்’ என்கிறார். வாங்கலாமா?

அதுவும் 14ஆம் தலைமுறைச் சிப்தான், முதல் கேள்வியை இன்னொருமுறை படியுங்கள். அவர் பழைய பயாஸில் எத்தனை மாதம் ஓட்டினார் என்று சிப்பின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. 2012 செப்டம்பரிலிருந்து இங்கே சிங்கப்பூரில் இருக்கும் லெமன் சட்டம் (குறையுள்ள பொருள் வாங்கியவரைக் காக்கும் சட்டம்), வாங்கி ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால் நம் பக்கம் நிற்கும், பழைய பொருளானாலும் சரி, ஆனால் அது வியாபாரியிடம் வாங்கினால்தான். தனி ஆளிடம் வாங்கினால் செல்லாது.

அவரிடம் அசல் ரசீது இருந்து, வரிசை எண்ணை முன்கூட்டியே அனுப்பி, உத்தரவாதம் இன்னும் ஓடுகிறதா என்று இன்டெல் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ள விட்டால் யோசிக்கலாம். அவர் வீட்டுக்கே போய், அவர் மெஷினில் ஓர் அன்ரியல் கேமின் ஷேடர்களை முதலிலிருந்து தயார் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். ‘நேரமில்லை, எம்ஆர்டி நிலையத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்றால் போகாதீர்கள்.