துணை மரம் இல்லாத பீக்கன் தோப்பு

கேள்வி: என்னிடம் 9 வயதான 30 பீக்கன் (வால்நட் குடும்பத்தைச் சேர்ந்த கொட்டை மரம்) மரங்கள் உள்ளன. எல்லாமே விச்சிட்டா ரக ஒட்டு என்று சொல்லி விற்றார்கள். பூ நிறையப் பிடிக்கிறது; ஆனால் பிஞ்சு பட்டாணி அளவு வருவதற்குள் கொட்டிவிடுகிறது. தப்பிய காய்களை உடைத்தால் பாதிக்கு மேல் பருப்பு சுருங்கிக் கிடக்கிறது. பருப்பு திரள டானிக் அடிக்கச் சொல்கிறார் மருந்துக்கடைக்காரர். அடிக்கலாமா? மிகுந்த மனக்கவலையில் எழுதுகிறேன்.

பதில்: வேண்டாம் ஐயா. அந்த டப்பாவை வாங்காதீர்கள். உங்கள் தோப்பில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன, இரண்டுக்குமே அது மருந்தாகாது.

பருப்பு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 100 கிராம் பீக்கன் பருப்பில் கொழுப்பு மட்டும் 70 கிராமைத் தாண்டும். அதில் பாதிக்கு மேல் ஆலிவ் எண்ணெயில் உள்ள அதே ஒலீயிக் அமிலம். புரதமும் நார்ச்சத்தும் ஒன்பது கிராம் சொச்சம் வீதம். இவ்வளவு எண்ணெயையும் மரம், ஓடு கெட்டியான பிறகு வரும் சில வாரங்களில்தான் சேர்க்கிறது. காய்தான் பருத்துவிட்டதே என்று பலர் பாசனத்தைக் குறைப்பதும் அப்போதுதான். ஓடு கெட்டியாகும் முன் தண்ணீர் தட்டினால் காய் சிறுக்கும். பின்னால் தட்டினால் பருப்பு சுருங்கும். பச்சை மேல்தோல் வெடிக்கும்வரை நிலத்தைக் காயவிடாதீர்கள்.

கொழுந்து சிறுத்து, நரம்புகளுக்கிடையே வெளுத்து, கிளை நுனியில் இலைகள் கொத்தாக நிற்கின்றனவா? அது துத்தநாகக் குறை. சுண்ணாம்பு மண்ணில் ஜிங்க் சல்ஃபேட்டை வேரில் இட்டால் மண்ணே பிடித்துவைத்துக்கொள்ளும். துளிர்விட்டதிலிருந்து, இலை இளசாக இருக்கும்போதே, லிட்டருக்கு 2 கிராம் கரைத்து இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை தெளியுங்கள். முற்றிய இலை உறிஞ்சாது.

நீங்கள் கேட்காத கேள்விக்கு வருகிறேன்: 30 மரமும் ஒரே ரகம் என்றால், மகரந்தம் எங்கிருந்து வரும்? பீக்கனில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில்தான் இருக்கின்றன, ஆனால் ஒரே நேரத்தில் தயாராவதில்லை. சில ரகங்களில் ஆண் முந்தும், சிலவற்றில் பெண் முந்தும். விச்சிட்டா பெண் முந்தும் ரகம். அதன் பூச்சரங்கள் மகரந்தம் உதிர்க்கும் நேரத்தில் பெண் பூக்கள் பெரும்பாலும் காய்ந்துவிட்டிருக்கும். கருவுறாத பிஞ்சு மரத்தில் நிற்காது. "தனியாக வைத்தாலும் காய்க்கும்" என்று சொல்லி ஒரே ரகத்தைத் தோப்பு முழுக்க நடவைக்கும் நாற்று வியாபாரிகள்மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. இழப்பு தெரியவர எட்டு ஒன்பது வருடம் ஆகும். அதற்குள் அவர் வேறு எதையாவது விற்கப் போயிருப்பார்.

அவர் கொடுத்தது விச்சிட்டாதானா என்பதையும் நீங்களே சோதிக்கலாம். பூக்கும் பருவத்தில் தினமும் காலையில் ஒரு கிளையைப் பாருங்கள். புதுத் தளிரின் நுனியில் நிற்கும் சிறு பெண் பூவின் தலை ஈரமாகப் பளபளத்தால் அது தயார். பழுப்பேறிக் காய்ந்தால் காலம் முடிந்தது. தொங்கும் சரத்தை உள்ளங்கையில் தட்டினால் மஞ்சள் தூள் விழ வேண்டும். தூள் முந்தி விழுந்தால் உங்களிடம் இருப்பது விச்சிட்டா இல்லை. அடிமரத்தில் ஒட்டு வடுவையும் தேடுங்கள். விதையில் முளைத்த மரம் தாயைப் போல் இருக்காது, காய்க்கவும் பத்துப் பதினைந்து வருடம் ஆகலாம்.

வட அமெரிக்கப் பூர்வகுடிகள் காட்டு மரங்களிலிருந்தே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பீக்கன் பொறுக்கினார்கள். நல்ல மரத்தின் குணத்தை அப்படியே இன்னொன்றில் கொண்டுவந்தது ஒட்டுதான். 1840-களில் லூசியானாவின் ஓக் ஆலி பண்ணையில் அதைச் செய்துகாட்டியவர், அங்கே அடிமையாக வைக்கப்பட்டிருந்த அந்துவான் என்ற தோட்டக்காரர். அவர் ஒட்டிய மரத்தின் காய் 1876 பிலடெல்பியா கண்காட்சியில் பரிசு வாங்கி, 'சென்டென்னியல்' என்ற ரகமானது. அவரது முழுப் பெயர்கூட எங்கும் பதிவாகவில்லை. ரகத்தின் பெயரை மறைத்து யாராவது நாற்று விற்றால் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

உங்கள் மரங்களை வெட்ட வேண்டியதில்லை. விச்சிட்டாவுக்கு ஆண் முந்தும் வெஸ்டர்ன் ரகம் நல்ல துணை. காற்று வரும் பக்கத்தில் மூன்று நான்கு மரங்களில் மரத்துக்கொரு கிளையை அந்த ரகத்துக்கு மாற்றி ஒட்டுங்கள். ஒட்டுக்குச்சியை இலையுதிர்ந்து மரம் உறங்கும் காலத்திலேயே வெட்டி, ஈரத்தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள். துளிர்விட்டு, பட்டை எளிதாகக் கழன்றுவரும் நேரத்தில் ஒட்டினால் போதும்.