முதல் நாளே குழந்தை உங்களைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டுமா?

“ஆட்டிசம் உள்ள குழந்தைகளோடு தன்னார்வலராக இருந்தவர்களே, முதல் நாள் உங்களுக்கு என்ன தோன்றியது? அடுத்த வாரம் நான் போகவேண்டும், பயமாக இருக்கிறது” என்பது கேள்வி.

கேட்டவர் கல்லூரியில் படிப்பவராகத்தான் இருக்கவேண்டும். சான்றிதழுக்காகப் போகிறீர்கள் என்றாலும் குறை சொல்லமாட்டேன். நானும் அப்படித்தான் போனேன். சித்தூரில் (பாலக்காட்டுச் சித்தூர், ஆந்திரத்துச் சித்தூர் அல்ல) படித்தபோது நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு மணிக்கணக்குக் காட்டவேண்டியிருந்தது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பெற்றோர் சிலர் சேர்ந்து ஓர் ஓட்டு வீட்டில் பகல்நேர மையம் நடத்திவந்தார்கள். கேரளத்தில் உள்ளாட்சிகள் குடும்பஸ்ரீ என்னும் அரசின் மகளிர் குழுத் திட்டத்தோடு சேர்ந்து, அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்காக நடத்தும் பட்ஸ் பள்ளிகள் உண்டு; இது அதுவல்ல. யாரும் அந்தப் பள்ளிகளைச் சொல்கிறேன் என்று சண்டைக்கு வரவேண்டாம்.

உள்ளே போனதும் தோன்றியது இதுதான்: என்னை யாரும் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. ஒரு சிறுமி கொடிக்கயிற்றில் துணிக் கிளிப்புகளை மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தாள். ஒருவன் டிபன் டப்பா மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது ஓய்ந்து விழும் வரை பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் கன்னத்தைச் சிமெண்டுத் தரையில் வைத்துப் படுத்திருந்தான். மார்ச் மாதத்துப் பாலக்காட்டு வெயிலில் நான்கூட அப்படிப் படுத்திருப்பேன். என்னோடு வந்த மாணவிகளுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கோ பெரிய நிம்மதி. வாசலில் கால் வைத்ததும் “எப்போது கல்யாணச் சாப்பாடு?” என்று கேட்கிற ஊரில் வளர்ந்தவள் நான்.

சிறிது நேரத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்து, என் முகத்தைப் பார்க்காமலேயே மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போனான். தண்ணீர் ஃபில்டரின் குழாய் மேல் என் கையைக் கொண்டுபோய் வைத்தான். “உன்னைப் பிடித்துவிட்டதடி!” என்று தோழிகள் குதித்தார்கள். டீச்சர் சிரித்தார். “அவனுக்கு இப்போது ஒரு கை வேண்டும். யாருடைய கையாக இருந்தாலும் சரி” என்றார். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகள் இப்படி அடுத்தவர் கையைக் கருவியாக எடுத்துக்கொள்வார்கள் என்று பிறகு படித்தேன். அன்று டீச்சர் குழாயைத் திறக்கவிடவில்லை. பக்கத்தில் மாட்டியிருந்த படங்களிலிருந்து தண்ணீர்ப் படத்தை அவன் எடுத்து என் கையில் கொடுக்கும் வரை காத்திருக்கச் சொன்னார். தோழி ஒருத்தி “ஐயோ பாவம்” என்று குழாயைத் திறந்துவிட்டாள். டீச்சருக்கு வந்ததே கோபம்! பல வாரங்களாகப் பழக்கிவருவதை ஒரு பாவத்தில் கெடுத்துவிடுகிறீர்களே என்றார். எனக்கு அவர் பேசியது நியாயமாகவே பட்டது. இந்தப் பாவம் பார்க்கிறவர்களை எனக்கு இன்றைக்கும் ஆகாது.

அதே பையன் மாலை நெருங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு, “நாளெயாணு, நாளெயாணு” (நாளைக்குத்தான், நாளைக்குத்தான்) என்று ஒலிபெருக்கிக் குரலில் லாட்டரி அறிவிப்பை முழுவதுமாகச் சொல்லத் தொடங்கினான். கரகரப்புக்கூடப் பிசகவில்லை. தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரியை நிறுத்திய பிறகு எல்லையோரத்தில் எங்கே பார்த்தாலும் கேரள லாட்டரிக் கடைதான். டிக்கெட் வாங்கவே பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள். பையனின் வீட்டருகே சாயங்காலம் அந்த அறிவிப்பு ஓடும். அவன் அதைச் சொன்னால் வீட்டுக்குப் போகவேண்டும் என்று பொருள். கண்டுபிடித்தது அவன் அம்மா. மற்றவர்கள் அர்த்தமில்லாமல் கத்துகிறான் என்றே நினைத்திருந்தார்கள். குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் இந்தப் பேச்சு இருக்கிறது. ஆட்டிசம் செல்போனால் வந்த வியாதி என்று சொல்லும் சொந்தக்காரர்களுக்கும் அந்த ஆண்டையே சொல்லுங்கள். அப்போது ஏது செல்போன்?

இனி நான் சொல்வது நீங்கள் கேட்டதற்குப் பதிலல்ல. ஆனாலும் சொல்லாமல் இருக்கமுடியவில்லை.

அந்தப் பையனை அழைத்துப்போக அவன் அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வருவார். அவன் எதிரே வாயைத் திறக்கமாட்டார், சைகைதான். பேச வராதவர் என்றே நினைத்தேன். ஒரு நாள் வாசலில் என்னிடம் தமிழில் சளசளவென்று பேசினார். “நான் பேசினால் பிள்ளைக்குக் கெடுதல் என்று சொல்லிவிட்டார்கள் கண்ணு” என்றார். யாரோ ஓர் ஆலோசகர், இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பிவிடும், வீட்டில் மலையாளம் மட்டும் பேசுங்கள் என்று எழுதியே கொடுத்திருக்கிறார். அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போகிறவர்கள். பகல் முழுக்க அவனோடு இருப்பவர் அம்மிச்சி. அவருக்கு மலையாளம் கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் வரும். ஆக அந்த வீட்டில் பிள்ளையோடு பேசியது ஒலிபெருக்கி ஒன்றுதான்! இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பேச்சு மேலும் பிந்துகிறது என்று ஆய்வுகள் காட்டவில்லை. பல நாடுகளில் பார்த்துவிட்டார்கள். நான் மருத்துவரல்ல, சிறப்பு ஆசிரியரும் அல்ல. படித்தவர்கள் வந்து திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன். மலையாளத்தின் மேல் எனக்கு எந்தப் பகையும் கிடையாது. என் பாதி நட்பு மலையாளத்தில்தான். ஆனால் இதே ஆலோசனையை எங்கள் வட்டாரத்தில் மூன்று வீடுகளில் கேட்டுவிட்டேன். தமிழ்ச் சிறுபான்மையினர் என்று அரசு கணக்கு வைத்திருக்கும் ஊரில் தமிழ் தெரிந்த பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரைக்கூட வைக்க முடியாதா? பிறகு கோயம்புத்தூரில் ஒருவர், உங்களுக்கு எந்த மொழி தாராளமாக வருமோ அதில் பேசுங்கள் என்று சொல்லி அனுப்பினார். அம்மிச்சி பழையபடி பேசத் தொடங்கினார். பையன் உடனே தமிழ் பேசினானா என்று கேட்காதீர்கள். அப்படியெல்லாம் நடக்காது.

சரி, உங்கள் விஷயம். பூ, சென்ட் எதுவும் வேண்டாம். வாசனை சிலருக்கு ஆகாது. பலூன் கூடவே கூடாது. ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள் என்று கேக்கும் பலூனுமாக ஒரு கூட்டம் வரும். ஒரு பலூன் வெடித்தால் போதும், அன்றைய பொழுது அவ்வளவுதான். எங்கள் மாவட்டத்தில் நெம்மாறா வல்லங்கி வேலா என்னும் கோயில் திருவிழாவும் அதே ஏப்ரல் தொடக்கத்தில்தான் வரும். வாணவேடிக்கை பார்க்க எனக்கும் ஆசைதான், ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அந்த நாள்களில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடுமலைக்குப் போய்விடுகிறது. செல்போனைப் பையிலேயே வையுங்கள். உங்கள் ஸ்டேட்டஸுக்கு அந்தப் பிள்ளைகளின் முகம் எதற்கு?

குழந்தை பார்க்கவில்லை, பேசவில்லை என்று டீச்சரிடம் முறையிடாதீர்கள். அவர் செய்யச் சொல்லும் வேலையைச் செய்யுங்கள். எனக்கு முதலில் கிடைத்தது கிளிப்புகளை நிறம் பிரிக்கும் வேலை. சொன்ன கிழமையில் சொன்ன நேரத்துக்குப் போங்கள். வரமுடியாது என்றால் முந்தைய நாளே தெரிவித்துவிடுங்கள். நாளைக்கு யார் வருவார்கள், என்ன நடக்கும் என்பதை டீச்சர் பலகையில் படமாக ஒட்டிக் காட்டுவார். காலையில் போன் செய்தால் பலகையிலிருந்து உங்கள் படத்தை அகற்ற அவருக்கு நேரமிருக்காது.